வாரம் நாலு நாள் வேலை, 80% சம்பளம்: கணக்கு ஒத்துவருமா?

கோத்தகிரி_வெள்ளி:

வேலை கோயமுத்தூர் ஐ.டி. கம்பெனியில், சர்வீஸ் 11 வருஷம். வீடு கோத்தகிரி பக்கம். செவ்வாயும் வெள்ளியும் ஆபீஸ் போகணும், மத்த மூணு நாள் வீட்டிலிருந்து வேலை. வாரம் நாலு நாள், 80% சம்பளம்னு கேட்டதுக்கு எச்.ஆர். ஒத்துக்கிட்டாங்க. டிசம்பர் 1-லிருந்து ஆரம்பிக்கலாம், எந்தக் கிழமை வேண்டாம்னு நீங்களே சொல்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் கையெழுத்துப் போடலை.

விவரம் இதுதான். கம்பெனி கட்டும் பி.எஃப். போக மொத்தச் சம்பளம் வருஷம் 16 லட்சம். அதில் பேசிக் சரியா பாதி, 8 லட்சம். பி.எஃப். பேசிக் முழுசுக்கும் 12% பிடிக்கிறாங்க, கம்பெனியும் அதே அளவு போடுது. வரி புதிய முறை. வீட்டுச் செலவு, இ.எம்.ஐ. எல்லாம் சேர்ந்து மாசம் 82,000. மாமனாரைப் பார்த்துக்க ஒரு ஆள் வர்றார், அவருக்கு மாசம் 15,000, அது இந்த 82,000-க்குள்ளேயே இருக்கு. மாமியார் பேரில் 2 ஏக்கர் தேயிலை, வருஷம் 7,000 கிலோ பச்சை இலை கொடுக்கிறோம். கிடைக்கிற ஒரு நாளைத் தோட்டத்துக்குக் கொடுத்தா சம்பளக் குறைவில் பாதியாவது ஈடாகும்னு வீட்டில் பேச்சு.

மாசம் 26,000 ரூபாய் போயிடும்னு பயமா இருக்கு. பயம் சரியா, தப்பா?

கணக்கு_குன்னூர்:

26,000 போகாது மேடம். 16,000 போகும். 2025-26 விகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 8 வரை 5%, 12 வரை 10%, 16 வரை 15%. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000. உங்கள் 16 லட்சத்தில் அதைக் கழித்தால் 15,25,000. வரி 20,000 + 40,000 + 48,750, ஆக 1,08,750. வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4% சேர்த்து 1,13,100.

80% என்றால் மொத்தம் 12,80,000, கழிவு போக 12,05,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வரியே கிடையாது. நீங்கள் 5,000 ரூபாய் தாண்டி நிற்கிறீர்கள். இப்படிக் கொஞ்சமாகத் தாண்டுபவர்களுக்கு விளிம்பு நிவாரணம் உண்டு: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினீர்களோ, வரி அதை மீறக் கூடாது. அதனால் வரி 5,000, செஸ்ஸோடு 5,200.

சம்பளம் 3,20,000 குறைகிறது, வரி 1,07,900 குறைகிறது. குறைவில் மூன்றில் ஒரு பங்கை வரியே ஏற்றுக்கொள்கிறது.

கைக்கு வருவது: இப்போது 16,00,000-இல் பி.எஃப். 96,000, வரி 1,13,100, தொழில் வரி 2,500 போக 13,88,400, மாதம் 1,15,700. நாலு நாள் ஆனால் பி.எஃப். 76,800, வரி 5,200, தொழில் வரி அதே 2,500 போக 11,95,500, மாதம் 99,625. வித்தியாசம் மாதம் 16,075. 20% குறைத்தால் கைக்கு வருவது 14%-க்குச் சற்றுக் கீழேதான் குறைகிறது.

ஆனால் இழப்பு கைக்காசோடு முடியவில்லை. உங்கள் பி.எஃப். 19,200, கம்பெனி பி.எஃப். 19,200 என்று இரண்டும் சேர்த்தால் வருஷ இழப்பு 2,31,300. விடுமுறை, லீவு எல்லாம் கழித்து உங்களுக்குப் புதிதாகக் கிடைக்கும் நாள் சுமார் 47. ஆக ஒரு நாளின் விலை 4,900 ரூபாய்ச் சொச்சம். வேறு எதற்காக இந்த நாளை எடுத்தாலும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குப் போவீர்கள்.

சேமிப்புப் பக்கம்தான் அடி விழும். இப்போது மாதம் 33,700 மிஞ்சுகிறது, இனி 17,625. அந்த 16,075-ஐ மாதாமாதம் 8% வளர்ச்சியில் போட்டு வந்திருந்தால் பத்து வருஷத்தில் 29 லட்சத்துக்குச் சற்று மேல். இரு பங்கு பி.எஃப். குறைவு வருஷம் 38,400, இப்போதைய 8.25% வட்டியில் அதுவும் பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். சம்பள உயர்வைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. ஓரிரு வருஷத்துக்கு என்றால் தாங்கும். பத்து வருஷத்துக்கு என்றால் 35 லட்சம் கொடுத்து வாரம் ஒரு நாள் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே வாங்குங்கள்.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே இந்த 12 லட்சப் படி கிடையாது.

பேரோல்_பக்கம்:

வரிக் கணக்கு சரி. ஆனா டிசம்பர் 1 வேண்டவே வேண்டாம். ஏப்ரல் 1 கேளுங்க.

வரி நிதியாண்டுக்குத்தான். டிசம்பர்ல ஆரம்பிச்சா இந்த வருஷம் நாலு மாசக் குறைவுதான், 1,06,667. அதுக்கு மிச்சமாகும் வரி 16,640, அவ்வளவுதான். 15% படியிலேயே நிக்கிறீங்க. ஒரு வருஷம் பார்த்துட்டு அடுத்த நவம்பரோட நிறுத்திட்டீங்கன்னு வைங்க, அந்த நிதியாண்டில் எட்டு மாசக் குறைவு, மிச்சமாகும் வரி 33,280. ரெண்டும் சேர்ந்து 49,920. அதே பன்னிரண்டு மாசத்தை ஏப்ரலில் ஆரம்பிச்சு மார்ச்சில் முடிச்சா மேலே சொன்ன 1,07,900. வேலை ஒண்ணு, சம்பளம் ஒண்ணு, தேதி மட்டும் மாறி 57,980 ரூபாய் போகுது. 12 லட்சத்துக்குக் கீழே இறங்கினாத்தான் தள்ளுபடி, அதை ஒட்டி நின்னாத்தான் விளிம்பு நிவாரணம். பாதி வருஷக் குறைவு உங்களை அங்கே இறக்காது.

அதுவரைக்கும் என்ன செய்யறதுன்னா, சேர்ந்து கிடக்கிற லீவை எடுங்க. 11 வருஷ சர்வீஸ்ல லீவு இல்லாம இருக்காது. வெள்ளியை விடறதா வச்சா, 2025 டிசம்பர் முதல் 2026 மார்ச் கடைசி வரை 17 வெள்ளி. ஜனவரி 16 மாட்டுப் பொங்கல், அது போக 16 நாள் லீவு போதும். முழுச் சம்பளத்தோட நாலு நாள் வாரத்தை ஓட்டிப் பார்த்துடலாம். லீவை வச்சிருந்து பின்னால காசாக்கலாம்னு நினைச்சா, அது பேசிக்கை வச்சு, அதுவும் காசாக்கும்போது இருக்கிற பேசிக்கை வச்சுத்தான் போடுவாங்க. சம்பளம் குறைஞ்ச பிறகு அந்த லீவோட மதிப்பும் குறைஞ்சு போகும்.

இப்ப யாரும் கவனிக்காத விஷயம், கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கிடைக்கிற பணிக்கொடை. கணக்கு: கடைசியா வாங்கின மாசப் பேசிக் × 15/26 × சர்வீஸ் வருஷம். ‘கடைசியா வாங்கின’ங்கிற இடத்துலதான் சிக்கல். உங்க பேசிக் இப்ப மாசம் 66,667. பதினொரு வருஷத்துக்கு 4,23,077 சேர்ந்து நிக்குது. பேசிக் 53,333 ஆன மறுநாள் அதே பதினொரு வருஷத்துக்கு 3,38,462. முழு நேரம் உழைச்ச வருஷங்களுக்கே 84,615 குறைஞ்சுடுது. உடல் ஊனத்தால் குறைஞ்ச சம்பளத்துக்குப் போறவங்களுக்கு மட்டும் முன்காலம், பின்காலம்னு தனித்தனியா போடச் சட்டம் வழி வச்சிருக்கு. விருப்பப்பட்டுக் குறைச்சவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வழி ரெண்டு. ஒண்ணு, பேசிக்கைத் தொடாம ஸ்பெஷல் அலவன்ஸில் மட்டும் 3,20,000-ஐக் குறைக்கச் சொல்றது. பேசிக் 8 லட்சமாவே இருந்தா கிராஜுவிட்டியும் தப்பும், ரெண்டு பங்கு பி.எஃப்.பும் தப்பும், ஆனா பி.எஃப். பிடித்தம் குறையாததால கைக்கு இன்னும் 1,600 ரூபாய் மாசம் குறையும். கம்பெனிக்கு இதில் செலவு, அதனால எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டாவது, குறைப்புக் கடிதத்திலேயே ‘இந்தத் தேதி வரையிலான சர்வீஸுக்கு கிராஜுவிட்டி முழு நேரப் பேசிக்கில் கணக்கிடப்படும்’னு ஒரு வரி வாங்கறது. சட்டம் சொல்றதைவிட அதிகமாக் கொடுக்கத் தடை இல்லை. வாய்ச் சொல் போதாது, அந்த எச்.ஆர். நாளைக்கு இருக்க மாட்டார்.

புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துடுச்சே, மாறுமான்னு கேட்பீங்க. அலவன்ஸ் பாதிக்கு மேலே போனா மிச்சத்தை ஊதியமா எடுத்துக்கணும்ங்கிறது அதில் இருக்கு. உங்க பேசிக் ஏற்கெனவே 50%, இருந்தாலும் எது எது ஊதியத்தில் சேரும்னு பேரோலில் கேட்டுக்குங்க. பி.எஃப்.போட சேர்ந்த இ.பி.எஸ். ஓய்வூதியமும் மாறாது, அதுக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு, குறைச்ச பேசிக்கும் அதுக்கு ரொம்ப மேலே.

மாமனார் கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸில் இருக்காரா? பாலிசியில் ‘முழு நேர ஊழியர்’னு இருக்கான்னு எழுத்தில் கேளுங்க. அவரை வெளியே தனியா எடுக்கப் போனா, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூணு வருஷம் வரை காத்திருப்பு போடுவாங்க. குரூப்பிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறினா இதுவரை கழிஞ்ச காத்திருப்பு கணக்கில் சேரும். ஆனா அதைக் கவர் நிக்கிறதுக்கு முன்னாடியே செய்யணும். இந்த ஒரு பதில் சாதகமா இல்லைன்னா மேலே போட்ட எல்லாக் கணக்கையும் மூடி வச்சுடலாம்.

கொழுந்து_கட்டபெட்டு:

தோட்டம் ஈடு கட்டும்னு சொன்னவங்க யாருங்க, பேப்பர்ல போட்டுப் பார்த்தாங்களா?

7,000 கிலோ. விலை மாசாமாசம் மாறும். கணக்குக்கு 20 ரூபாய்னு வைப்போம். 1,40,000. பறிப்புக் கூலி கிலோவுக்கு 8 ரூபாய்னா 56,000. உரம், களை, மருந்து, இலை ஏத்தற வண்டின்னு 40,000. நிக்கிறது 44,000. மொத்தத் தோட்டமும் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கிறது உங்க சம்பளத்தில் ஒன்பது நாள் விலை.

நீங்களே இறங்கிப் பறிச்சா? பழகின கையே கையெடுப்பில் நல்ல கொழுந்துக் காலத்தில் 25 கிலோ, முன்னே பின்னே. 25 × 8 = 200 ரூபாய் கூலி மிச்சம். 4,900 ரூபாய் நாளைக் கொடுத்து 200 ரூபாய் வாங்கறது. அதுவும் பறிப்பு சுற்று 12–15 நாளுக்கு ஒரு தடவை; எல்லா வெள்ளியும் பறிக்க இலை இருக்காது.

மேற்பார்வையில் கொஞ்சம் காசு இருக்கு, அதை இல்லைன்னு சொல்லலை. சுற்று தள்ளித் தள்ளி 20, 25 நாள் போனா இலை முத்திடும், கத்திரி போட்டா கட்டை இலையும் சேர்ந்து வரும், ஏஜென்ட் எடையிலும் விலையிலும் பிடிப்பான். மழைக் காலத்தில் ஈர எடைன்னு தனியா ஒரு பிடித்தம். சுற்றைப் பிடிச்சு வச்சு, ரெண்டு இலையும் மொட்டுமா எடுக்க வச்சா கிலோவுக்கு 2 ரூபாய் கூடக் கிடைக்கும்னே வைங்க, வருஷம் 14,000. பிடித்தம் குறையறதையும் சேர்த்து இன்னொரு 6,000 போடுங்க. 20,000. உங்க இழப்பு 2,31,300-இல் பத்தில் ஒரு பங்குகூட வரலை. பாதியாம்!

செடியை வெட்டி விடற கவாத்து வருஷம் வந்தா இதுவும் கிடையாது. வெட்டின பாத்தியில் மூணு நாலு மாசம் இலையே இருக்காது. ரெண்டு ஏக்கரையும் ஒரே வருஷத்தில் வெட்டாம நாலு பாத்தியா பிரிச்சு வருஷம் ஒண்ணா வெட்டுங்க. இதுக்கு உங்க வெள்ளிக்கிழமை வேண்டாம். பறிப்பு நாளில் மட்டும் எடை போடும்போது நின்னு பார்க்க நம்பிக்கையான ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தா முடிஞ்சது.

நாள் வேணும்னா எடுத்துக்குங்க, தப்பே இல்லை. தேயிலை தலையில அந்தக் கணக்கை ஏத்தாதீங்க.

கோத்தகிரி_வெள்ளி:

எல்லாருக்கும் நன்றி. தோட்டத்துப் பேச்சு இன்னிக்கு ராத்திரியோட முடிஞ்சிடும். இன்ஷூரன்ஸ் கேட்டு மெயில் போட்டாச்சு.

இன்னும் சில கேள்வி. பேங்க் எஃப்.டி.யில் வருஷம் 40,000 வட்டி வருது, அதை முதல்ல சொல்லலை. அதனால ஏதாவது மாறுமா? தோட்டத்தை என் பேருக்கு எழுதலாம்னு மாமியார் சொல்றாங்க, அது வரியில் இடிக்குமா? முதல் நாளுக்கு 16,000-தான் போகுதுன்னா ரெண்டு நாளா விட்டு வாரம் மூணு நாள் வேலைன்னு போனா 32,000-தானே? அப்புறம் எந்தக் கிழமையை விடறது?

கணக்கு_குன்னூர்:

எஃப்.டி. வட்டியால் நிறையவே மாறும். கேட்டது நல்லதாயிற்று.

12,05,000-உடன் 40,000 சேர்ந்தால் 12,45,000. விளிம்பு நிவாரணத்தில் தாண்டிய தொகை முழுவதும் வரி: 45,000, செஸ்ஸோடு 46,800. வட்டி 40,000 வந்ததற்காக 41,600 கூடுதலாகக் கட்டுகிறீர்கள், வாங்கிய வட்டியைவிட 1,600 அதிகம். 12 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 12,70,000 வரை உள்ள வருமானம் இப்படித்தான். அந்த இடைவெளியில் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அரசுக்குப் போய், செஸ்ஸுக்குக் கையிலிருந்து நாலு பைசா வேறு.

தப்பிக்க வழி கம்பெனி மூலமான என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்). புதிய முறையிலும் பேசிக்கில் 14% வரை கம்பெனி உங்கள் பேரில் என்.பி.எஸ்.ஸில் போடுவதற்குக் கழிவு உண்டு. குறைத்த பேசிக் 6,40,000-க்கு 89,600 வரை போகலாம். உங்களுக்கு 50,000 போதும். சம்பளத்தில் 50,000-ஐ அப்படித் திருப்பினால் வரிக்குரியது 11,95,000, வரி பூஜ்யம். கைக்கு வருவது 50,000 குறையும், வரியில் 46,800 திரும்பக் கிடைக்கும். வெறும் 3,200 ரூபாய்க்கு 50,000 ரூபாய் சேமிப்பு. பணம் நீண்ட காலம் பூட்டிக் கிடக்கும், அதை மனதில் வையுங்கள். நீங்களே தனியாகப் போடும் என்.பி.எஸ்.ஸுக்கு இந்த முறையில் கழிவு கிடையாது, கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும்.

எஃப்.டி.யைக் கணவர் பேருக்கு மாற்றினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் பணத்தைக் கணவருக்குக் கொடுத்தால் அதன் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும். மியூச்சுவல் ஃபண்டு விற்ற லாபம் இருந்தால் தனியாகப் பாருங்கள். தனி விகிதத்தில் வரி விழும் பங்கு லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது.

நிலம்: மாமியார் பேரிலேயே இருக்கட்டும். பச்சை இலையாக விற்கும் வருமானம் விவசாய வருமானம், அதற்கு நேரடி வருமான வரி இல்லை. ஆனால் அது உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு 5,000-க்கு மேல் போனால் விகிதம் நிர்ணயிக்க மட்டும் சம்பளத்தோடு சேர்ப்பார்கள். எல்லாம் சரிசெய்து சரியாக 12 லட்சத்தில் நிற்கிறீர்கள், தோட்டம் 44,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,44,000-க்கு வரி 66,600. அதில் 4,44,000-க்கான 2,200-ஐக் கழித்தால் 64,400. தள்ளுபடியின் உச்சம் 60,000. மிச்சம் 4,400, செஸ்ஸோடு 4,576 கட்ட வேண்டும். இங்கே விளிம்பு நிவாரணமும் உதவாது, ஏனென்றால் உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டவே இல்லை. நீலகிரியில் தேயிலைப் பட்டாவோடு சம்பளமும் வாங்குபவர்கள் பலர் ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்று நம்பி ரிட்டர்ன் போடும்போது முழிப்பது இதில்தான்.

மூன்று நாள்: 32,000 அல்ல. 60% என்றால் 9,60,000, வரி பூஜ்யம், பி.எஃப். 57,600, தொழில் வரி 2,500 போக 8,99,900. மாதம் 75,000-க்குச் சற்றுக் கீழ். நாலு நாளிலிருந்து மூன்று நாளுக்கு இறங்கும்போது மாதம் 24,600 போகிறது. முதல் நாளின் இழப்பில் ஒரு பங்கை வரி தாங்கியது. அந்த வரி தீர்ந்த பிறகு இரண்டாவது நாளை முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உங்கள் 82,000 செலவுக்கு அது பற்றவும் பற்றாது.

கிழமை: வெள்ளியேதான், அது ஆபீஸ் நாள். வீட்டு நாளை விட்டால் எட்டு மணி நேரம் மிச்சம். ஆபீஸ் நாளை விட்டால் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், திரும்ப ஏறும் ஐந்து மணி நேரமும் சேர்ந்து பதின்மூன்று. அதே 4,900 ரூபாயில் மணிக்கு 615 என்பது 380 ஆகிவிடுகிறது. ஏப்ரல், மே வெள்ளி மாலைகளில் மேலே ஏறும் வண்டி வரிசையைப் பற்றிக் கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விட்ட ஆபீஸ் நாளுக்குப் பதிலாக புதன் வரச் சொல்லிவிடக் கூடாது. அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மாமனாரைப் பார்க்கும் ஆளின் 15,000 குறையும் என்று எண்ண வேண்டாம். மாதச் சம்பளத்துக்கு வருபவர் வாரம் ஒரு நாள் குறைத்தால் வேறு வீடு பார்த்துக்கொள்வார்.

கொடை_மேல்மலை:

இந்தத் திரியைப் படிக்கிற எல்லாரும் 16 லட்சம் வாங்கறவங்க இல்லை, அதனால ஒரு வார்த்தை. மாசம் 45,000 வாங்கறவர் ஏற்கெனவே வரியே கட்டலை. அவர் 20% குறைச்சா 20%-உம் கையிலிருந்துதான் போகும், தாங்கிப்பிடிக்க வரி இல்லை. மேலே இருக்கிற 14% கணக்கைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் உண்டு உறைவிடப் பள்ளி வேலைக்காரங்க வேற ஒண்ணையும் பார்க்கணும். குவார்ட்டர்ஸ், பிள்ளைங்க ஃபீஸ் சலுகை, மெஸ் சாப்பாடு. பல இடத்தில் இது முழு நேரப் பணியாளருக்கு மட்டும். சம்பளத்தில் 9,000 குறையுதுன்னு நினைச்சுப் போனா, வெளியே வாடகை வீடு எடுக்கறதில் அதைவிட அதிகமாப் போகும். நியமனக் கடிதத்தில் குவார்ட்டர்ஸ் எதோட கட்டப்பட்டிருக்குன்னு முதல்ல படிங்க.

ஹோட்டல், கடை ஆட்களுக்கு ஒரு நல்லதும் இருக்கு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்பு மாசம் 21,000. 28,000 வாங்கறவர் முக்கால் நேரத்துக்கு வந்தா சரியா 21,000, இ.எஸ்.ஐ.க்குள்ள வந்துடுவார். பிடித்தம் 0.75%, அதாவது 158 ரூபாய், முதலாளி 3.25%. குடும்பத்துக்கே வைத்தியம். 21,500-இல் நிறுத்தினா அது கிடைக்காது, அதனால பேசும்போது ரூபாயைப் பார்த்துப் பேசுங்க.

ஹோம்ஸ்டே நடத்தலாம்னு நாள் கேட்கறவங்க புதன்கிழமையை வாங்கிட்டு உட்காராதீங்க. ஆள் வர்றது வெள்ளி ராத்திரி, போறது ஞாயிறு மத்தியானம். திங்கள் கிடைச்சா ரூமைத் துவைச்சு அடுக்கலாம், வெள்ளி கிடைச்சா வர்றவங்களை வாங்கலாம். நடுவாரம் கிடைச்சா வேடிக்கை பார்க்கலாம்.

பேரோல்_பக்கம்:

கடிதத்தில் இருக்க வேண்டியதைச் சொல்லிடறேன், ஏன்னா நாலு நாள் வேலையில் அதிகம் கெடறது இங்கேதான். சம்பளம் 80% ஆகும், வேலை 100%-லேயே நிக்கும். ‘வாரம் 32 மணி நேரம்’னு மணியில் எழுதச் சொல்லுங்க. கூடவே எந்த புராஜெக்ட், எந்தப் பொறுப்பு உங்க தலையிலிருந்து இறங்குது, யாருக்குப் போகுதுன்னு பேரோட இருக்கணும். அது இல்லாத கடிதம்னா வியாழன் ராத்திரி பதினொரு மணிக்கும் லேப்டாப் மூடாது, வெள்ளிக்கிழமை போன் அடிக்கும்.

அரசு விடுமுறை வெள்ளியில் வந்தா மாற்று நாள் உண்டா, லீவு எந்த விகிதத்தில் சேரும், அப்ரைசலில் உங்களை முழு நேரக்காரங்களோட ஒப்பிடுவாங்களா, உயர்வு சதவீதம் எந்தச் சம்பளத்தின் மேலே வரும், இதெல்லாம் கேள்வி. கடைசிக் கேள்விக்குச் சரியான பதில்: 16 லட்சம்ங்கிற முழு நேரச் சம்பளம் தாளில் தொடர்ந்து இருக்கணும், உயர்வு அது மேலே வரணும், அதில் 80% உங்களுக்குக் கொடுக்கணும். 12.8 லட்சத்தைப் புதுச் சம்பளமா எழுதிட்டா, திரும்ப அஞ்சு நாளுக்கு வரும்போது பேரம் மறுபடி முதல்லேருந்து. முழு நேரத்துக்குத் திரும்பும் உரிமை, எத்தனை மாச அறிவிப்பில்ங்கிறதும் வேணும்.

தொகையை 12,80,000-க்குப் பதிலா 12,75,000 ஆக்கச் சொல்றதுக்கு அர்த்தம் எஃப்.டி. வட்டி இல்லாதவங்களுக்குத்தான். உங்களுக்குக் குன்னூர்க்காரர் சொன்ன என்.பி.எஸ்.தான் சரி. அதை ஏப்ரல் சம்பளத்துக்கு முன்னாடியே பேரோலில் சொல்லணும். வருஷ நடுவில் மாத்த சில கம்பெனி விடாது. எஃப்.டி. வட்டியையும் அப்பவே பேரோலில் காட்டிடுங்க. காட்டலைன்னா சம்பளத்திலேயே பிடிக்கிற வரியான டி.டி.எஸ். குறைவாப் பிடிச்சு, ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக் கட்டணும், பத்தாயிரத்துக்கு மேலே போனா அதுக்கு வட்டி வேற.

வீட்டுக் கடனை வேற பேங்குக்கு மாத்தற எண்ணமோ, புதுக் கடன் வாங்கற எண்ணமோ இருந்தா மார்ச்சுக்குள்ள முடிச்சுடுங்க. பேங்க் கேட்கறது கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டு. மே மாசம் போனீங்கன்னா 80% சீட்டைப் பார்த்துத்தான் தகுதி போடுவாங்க.